குளத்தடியாரும் வள்ளத்தில் ஏறாத வெள்ளைக்காரியும்

எண்பதுகளில் பாரிஸ் லா ஷப்பலில் விசாவுக்குப் படம் எடுத்த தமிழர் அத்தனை பேரையும் தத்துவஞானியாக்கிய பெருமை ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். நம்பாவிட்டால் உங்கள் அப்பாவின் பழைய விசா அட்டையை அலுமாரியில் தேடி எடுத்துப் பாருங்கள். புருவம் சுருங்கியிருக்கும். ஒரு கண் மற்றக் கண்ணைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும். வாய், ஏதோ சொல்ல வந்து நிறுத்தினது போல அரைவாசி திறந்திருக்கும். உலகத்துக் கஷ்டத்தையெல்லாம் யோசிக்கிறார் என்று நினைப்பீர்கள். ஒரு மண்ணும் இல்லை. ‘அந்த மனிசி வள்ளத்தில ஏறுறாவோ, இறங்குறாவோ?’ என்று யோசிக்கிறார்.

அப்படி யோசிக்கவைத்தவர் பெயர் குளத்தடியார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய விசாவில் இருந்திருக்கும். அதை யாரும் பார்த்ததில்லை. ‘யாழ்ப்பாணத்தில் எந்தக் குளத்தடி?’ என்று கேட்டு ஏமாந்தவர்கள் பலர். அவருடைய ஊரில் குளமே இல்லை, கிணறுதான். குளம் லா ஷப்பலில் இருந்தது. கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்குள் போய், கருவாட்டு வாசத்தைத் தாண்டினால், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய சீலை தொங்கும். சீலையை விலக்கினால் குளம்.

குளம் என்றால் படத்தில். எண்ணெய்ச் சாயத்தில் கீறின பெரிய படம், பொன் நிறப் பிறேம். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தாலும் அதன் இரண்டு பக்கத்தையும் தொடமுடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், கண்ணாடி போல. நடுவில் சின்னச் சின்னத் தீவுகள். தோல் வெளுத்த மரங்கள். அக்கரையில் ஒரு புகை. இக்கரையில் ஒரு வள்ளம். வள்ளத்துக்குப் பக்கத்தில், சிவப்புத் துணியால் தலையை மூடின ஒரு வெள்ளைக்காரி, ஒரு காலைத் தூக்கினபடி. அவ்வளவுதான். எங்களுக்கு அது கலண்டர் படம். குளத்தடியாருக்கு அது தீராத வழக்கு.

விசாப் படத்துக்கு வருகிறவரை ஒரு முக்காலியில் இருத்துவார். முதுகுக்குப் பின்னால் வெள்ளை விரிப்பு. முகத்துக்கு நேரே கமரா. கமராவுக்குப் பின்னால் சுவரில் குளம். இருக்கிறவர் தலையைத் தடவி, கொலரை இழுத்து, ஒரு முகத்தை ஆயத்தம் செய்கிற நேரம் பார்த்துக் கேட்பார்.

“தம்பி, வடிவாப் பாரும். அந்த மனிசி ஏறுறாவோ, இறங்குறாவோ?”

“எந்த மனிசி அண்ணை?”

“சிவப்புத் துணி. காலைப் பாரும் ஐசே, காலை.”

பெடியன் காலைப் பார்ப்பான். புருவம் சுருங்கும். டிக்.

“சரி, எழும்பும்.”

“ஐயோ அண்ணை, நான் இன்னும் ஆயத்தமில்லை!”

“ஆயத்தமான முகத்தை வைச்சு நான் என்ன செய்ய? அதை விடும். ஏறுறாவோ, இறங்குறாவோ?”

பதில் சொல்லாமல் சீலையைத் தாண்டமுடியாது. நானும் ஒருநாள் மாட்டினேன்.

“அண்ணை, பாலை அடுப்பில வைச்சிட்டு வந்தனான். ஏறுறா எண்டு எழுதிக்கொள்ளுங்கோ, என்னை விடுங்கோ.”

“ஏறுறாவெண்டா கையில ஏன் ஒரு சாமானும் இல்லை? அக்கரைக்குப் போற மனிசி வெறுங்கையை வீசிக்கொண்டு போவாவோ?”

“அப்ப இறங்குறா.”

“இறங்குறாவெண்டா துடுப்பு ஏன் காய்ஞ்சிருக்கு?”

“அண்ணை, பால் பொங்கப்போகுது!”

“பால் பொங்கினா துடைக்கலாம் தங்கச்சி. இது ரெண்டு வருசமாத் துடைக்கேலாமக் கிடக்குது.”

வீட்டுக்குப் போய் அடுப்பைத் துடைக்கும்போது நானும் துடுப்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் அந்த மனிதரின் வியாதி. தொட்டால் ஒட்டும்.

அந்தப் படம் லா ஷப்பலுக்கு வந்ததே ஒரு கூத்து. ஒபர்வில்லியேயில் ஒரு வேலைத்தலத்து வாசலில், குப்பை லொறி வருகிற நாளில், உடைந்த கதிரைகளோடு அதையும் சாத்தி வைத்திருந்தார்களாம். மெற்றோவில் கொண்டுபோகலாம் என்று போன குளத்தடியாரை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். போர்ட் து லா ஷப்பலில் நல்ல காற்று. படம் கப்பற் பாயாக மாறி இவரை இழுத்துக்கொண்டுபோய் ரோட்டின் மறுபக்கத்தில் விட்டது. விட்ட இடத்தில் ஒரு பொலிஸ்காரன் நின்றான்.

“பப்பியே!” என்றான். பேப்பரைக் காட்டு என்று அர்த்தம். அந்தச் சொல் தெரியாத தமிழன் பாரிசில் இல்லை.

இவருக்கு இரண்டு கையிலும் குளம். பேப்பர் காற்சட்டைப் பையில். கடைசியில் பொலிஸ்காரன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் பேப்பரை எடுத்து அவனுடைய மூக்குக்கு நேரே விரித்துப் பிடித்திருக்கிறார். அவன் வாசித்து முடிகிறவரைக்கும் சும்மா நிற்பாரா? தெரிந்த பிரெஞ்சில் பாதியும் விரல்களில் மீதியுமாக, “மெசியே, இந்த மதாம் ஏறுறாவோ, இறங்குறாவோ?” என்று கேட்டுவிட்டார். பொலிஸ்காரன் தலையைத் திருப்பிப் பார்த்தான். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு இன்னொரு முறை பார்த்தான். ஏறுகிறாள் என்றான்.

“பிரெஞ்சு அரசாங்கம் ஏறுறா எண்டு சொல்லிப்போட்டுது,” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். “ஆனா எனக்கு இன்னும் சந்தேகம் இருக்குது.”

அது எந்த ஊர்க் குளம் என்பதில் கடைக்குள் நான்கு கட்சி. ஒருமுறை சுற்றுலா போனவர் நுவரெலியா என்றார். போக ஆசைப்பட்டவர் சுவிஸ் என்றார். சினிமா பார்க்கிறவர்கள் காஷ்மீர் என்றார்கள். கடை முதலாளிக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். “உங்கட குளம் என்ர பருப்பு மூட்டையை மறைக்குது” என்பார். வள்ளத்துக்குள் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒன்று கிடந்தது. மன்னார் ஆட்கள் அதை நங்கூரக் கல் என்றார்கள். மரக்கறி இறக்குகிற பெடியன் பூசணிக்காய் என்றான்.

ஒருநாள், எங்கள் கட்டிடத்து ஆறாம் மாடிச் சின்ன அறையில் இருந்து படிக்கிற ஒரு நெட்டை வெள்ளைப் பிள்ளை, மெற்றோ அட்டைக்குப் படம் எடுக்க இடம் கேட்டாள். நான்தான் கூட்டிப்போனேன். முக்காலியில் இருந்தாள், நிமிர்ந்தாள், குளத்தடியார் வாயைத் திறக்குமுன் எழும்பிவிட்டாள். கமராவைச் சுற்றிக்கொண்டு போய், படத்தை மோந்து பார்க்கிறவள் போல அதற்குக் கிட்ட நின்றாள்.

“இது எங்கள் நாடு,” என்றாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். அவளுடைய பிரெஞ்சும் எங்களுடையது போல நொண்டினதால் எனக்கு நன்றாகவே விளங்கியது.

பின்லாந்துக்காரி. நூறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய நாட்டு ஓவியர் ஒருவர் கீறின படமாம். இது அதைப் பார்த்து வேறு யாரோ கீறினது. உண்மையான படம் அங்கே ஒரு பெரிய மண்டபத்தில் தொங்குகிறதாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்தே வளர்ந்தாளாம். கீறினவரின் பெயரையும் சொன்னாள். பாதிப் பெயரிலேயே என் நாக்கு இறங்கி நடந்துவிட்டது.

சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “பின்லாந்தோ? அங்கை அகதி விசா குடுக்கிறாங்களோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ அக்கா!”

“வாயை மூடும் ஐசே!” என்று குளத்தடியார் உறுமினார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பயபக்தியோடு கேட்டார். “இது விடியவோ, பின்னேரமோ?”

நான் மொழிபெயர்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். கோடையில் அவர்களுடைய ஊரில் சூரியன் மறையாதாம். விடியலாகவும் இருக்கலாமாம், நடுச்சாமமாகவும் இருக்கலாமாம்.

குளத்தடியார் அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். “தங்கச்சி, ரெண்டு வருசமா நான் மர நிழலை அடிமட்டம் வைச்சு அளந்தனான்.”

கடைசியில் பெரிய கேள்வியைக் கேட்டார். கேட்கும்போது அரிசி மூட்டையிலிருந்து எழும்பி நின்றார். அவள் சிரித்தாள். ஏறுகிறாள் என்றாள். வள்ளத்துக்குள் கிடப்பது கல்லும் இல்லை, பூசணிக்காயும் இல்லை, பால் வாளி. கோடையில் மாடுகளைத் தீவில் மேயவிட்டுவிடுவார்களாம். பெண்கள் வள்ளம் வலித்துக்கொண்டு போய்க் கறந்து வருவார்களாம்.

“மாடோ!” குளத்தடியாரின் முகம் விழுந்துபோனது. “அக்கரையில ஒரு மனிசன் காத்துக்கொண்டு நிக்கிறான் எண்டெல்லோ நான் நினைச்சன்.”

வழக்கு முடிந்தது, இனி நிம்மதியாகப் படம் எடுக்கலாம் என்று சந்தோஷப்பட்டோம். அடுத்த நாள் போன பெடியன் திரும்பி வந்து சொன்னான், கேள்வி மாறிவிட்டதாம். “தம்பி, வடிவாப் பாரும். வாளிக்குள்ள பால் இருக்குதோ, இல்லையோ? இருந்தா இறங்குறா. இல்லாட்டி ஏறுறா. அந்தப் பிள்ளை சின்னப் பிள்ளை, யோசிக்காமச் சொல்லிப்போட்டுது.”

இதெல்லாம் விசாப் படத்தின் கதை. ஊர்ப் படம் என்று இன்னொன்று இருந்தது. அதில்தான் வினை வந்தது.

அந்தக் காலத்தில் எந்தப் பெடியனும் தான் இருக்கிற அறையை ஊருக்குக் காட்டமாட்டான். ஏழெட்டுப் பேருக்கு ஒரு அறை, ஒருவன் எழும்ப மற்றவன் படுக்கிற கட்டில். அதைப் படம் எடுத்துப் பெண் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? ஆரோ ஒருவரின் காரில் சாய்ந்து நின்று எடுப்பார்கள். ஆரோ ஒருவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஈஃபில் கோபுரத்தடியில் எடுப்பார்கள். குளம் வந்தபிறகு எல்லாரும் குளத்தடிக்கு வந்தார்கள். கமராவை முக்காலிப் பக்கம் மாற்றிவைத்துவிட்டு, பெடியனைப் படத்துக்கு முன்னால் நிறுத்துவார் குளத்தடியார். பிறேமின் கீழ்ப்பக்கம் தெரியாமல் கடையிலிருந்து முருங்கைக் கொப்பும் கறிவேப்பிலையும் எடுத்துவந்து சாத்துவார். குளம் கொஞ்சம் மங்கலாக விழவேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். “தெளிவா விழுந்தா பெயின்ற் தெரியும். கலங்கினாத்தான் தண்ணி,” என்பார். “பிறேம் தெரியாது தம்பி, அதுக்கு நான் பொறுப்பு” என்று ஒவ்வொருவனுக்கும் வாக்குக் கொடுப்பார்.

இப்படித்தான், வீட்டுக்குப் பின்னால் குளம் வைத்திருக்கிற ஒரு பெரிய பணக்காரக் கூட்டம் லா ஷப்பலில் இருக்கிறது என்று யாழ்ப்பாணம் நம்பத் தொடங்கியது.

என் தம்பி யோகனும் எடுத்தான். ஒபர்வில்லியேயில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்குகிறவன், குளத்தடியில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஜமீன்தார் போல நின்றான். ஊரிலிருந்து அம்மா கசெற்றில் பேசி அனுப்பினா. அப்போது ரெலிபோன் எல்லாம் ஏது? கசெற்றில் பேசிப் பதிந்து, வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவதுதான்.

“பிள்ளை, தம்பியின்ர படம் வடிவா இருக்குது. குளத்தடி முழுக்க முருங்கை நிக்குதே! நீ முருங்கையிலை கிடைக்கேல்லை, கிடைக்கேல்லை எண்டு அழுறாய். எட்டிப் பிடுங்கப் பஞ்சியோ உனக்கு?”

சிரித்துவிட்டு மறந்துபோனோம். இரண்டாவது கசெற் வந்தபோது சிரிக்க முடியவில்லை.

யோகனுக்கு மலர் என்ற பிள்ளையைப் பேசியிருந்தார்கள். பேசினது பெரியவர்கள் என்றாலும், அவனுக்கு அந்தப் பிள்ளையை முன்னமே தெரியும். ஒரே டியூட்டரியில் படித்தவர்கள். அந்தச் சம்பந்தம் வந்தபோது, வேலை முடிந்து வந்து இன்னும் பத்துப் பெட்டி தூக்கலாம் போல நடந்து திரிந்தான். மலரின் தகப்பன் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். நிறை குறைகிறதா என்று எதையும் இரண்டு தரம் பார்க்கிற மனிதர். யோகனின் படத்தையும் இரண்டு தரம் பார்த்திருக்கிறார். கசெற்றில் அவருடைய குரல் தராசு போல நின்றது.

“தம்பி, உங்கட படம் கிடைச்சுது. உங்களுக்குப் பின்னால ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வள்ளத்தடியில நிக்கிறா. அவ ஆர்? அது மட்டுமில்லை. என்ர தங்கச்சியின்ர மகளுக்குப் பேசின பெடியன்ர படத்திலயும் அவ நிக்கிறா. சங்கானையில ஒரு வீட்டுக்கு வந்த இன்னொரு பெடியன்ர படத்திலயும் அவதான் நிக்கிறா. ஒரு பொம்பிளை மூண்டு பெடியளோட குளத்தடியில திரியிறது என்ன மாதிரியான ஊர் எண்டு எங்களுக்கு விளங்கேல்லை. லண்டனில இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்குது. ஆவணிக்குள்ள முடிவு சொல்லவேணும். நீங்கள் ஒரு நேர்மையான பதில் அனுப்புங்கோ.”

கசெற் ஓடி முடிந்து, டக் என்று நின்றது. யோகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

“உள்ளதைச் சொல்லு. அது படம் எண்டு சொல்லு,” என்றேன்.

“சொன்னா நம்புவினமோ அக்கா? களவைப் பிடிச்ச பிறகு, அவ பெயின்ற், பால் கறக்கப் போறா எண்டு சொன்னா, இவனுக்கு விசரும் பிடிச்சிட்டுது எண்டுதான் சொல்லுவினம்.”

அதுவும் சரிதான். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். கண்ணால் காட்டவேண்டும். பிறேமோடு, சுவரோடு, முருங்கைக் கொப்பு இல்லாமல் ஒரு படம் அனுப்பவேண்டும். யோகனைக் கூட்டிக்கொண்டு குளத்தடியாரிடம் போனேன். விஷயம் எங்களுக்கு முன்னமே போய்விட்டது. சீலைக்குள் பெடியள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணை, பிறேமைக் காட்டினீங்களெண்டா எங்கட குளம் போச்சு!”

“நான் தினம் விடிய அதிலதான் குளிக்கிறன் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை.”

“நீ குளிச்சதோட விட்டனி. நான் மீன் பிடிச்சுச் சுட்டுச் சாப்பிட்டனான். ருசியும் சொன்னனான்.”

“என்ர மாமனார் குளத்தடியில ஒரு துண்டுக் காணி கேட்டு நிக்கிறார்!”

“ஊரில ஒரு வீட்டில தெரிஞ்சா முழு வடமராட்சிக்கும் தெரியும். நீங்கள் எல்லாருக்கும் வாக்குத் தந்தனீங்கள் அண்ணை.”

குளத்தடியார் அரிசி மூட்டையில் இருந்து எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார். வாக்குக் கொடுத்தது உண்மை. அவருடைய பிழைப்பில் பாதி ஊர்ப் படம். ஒரு பெடியனின் கலியாணத்துக்காக முழு லா ஷப்பலின் குளத்தையும் வற்றவைப்பதா? நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவர் படத்தைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. யோகனைத்தான் பார்த்தார்.

“தம்பி, நீ அந்தப் பிள்ளையை நேர கண்டிருக்கிறியோ?”

“ஓம் அண்ணை.”

“கதைச்சனியோ?”

“இல்லை. ஒருக்கா மழைக்குள்ள சைக்கிள் செயின் கழண்டுபோய் றோட்டில நிண்டனான். அவ கடந்து போனவ. திரும்பிப் பாத்துச் சிரிச்சவ.”

“எப்பிடிச் சிரிச்சவ?”

யோகன் அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தான். புருவம் சுருங்கவில்லை, வாய் அரைவாசி திறக்கவில்லை. முகம் முழுக்க வெளித்துப்போனது. அப்படி ஒரு முகத்தை அந்தச் சீலைக்குப் பின்னால் ஒருவரும் கண்டதில்லை.

குளத்தடியார் எழும்பி முருங்கைக் கொப்புகளைத் தூக்கி ஒரு மூலையில் எறிந்தார்.

“அண்ணை!” என்று பெடியள் கத்தினார்கள்.

“சத்தம் போடாதேங்கோடா. உங்கட பேருக்குப் பழுது வராது, அது என்ர பாடு. தங்கச்சி, கமராவைப் பிடி.”

“நானோ? எனக்குத் தெரியாது அண்ணை. தம்பியை நிப்பாட்டி நீங்களே எடுங்கோ.”

“இவன் நிண்டா, திரும்பவும் அவளோட போய் நிக்கிறான் எண்டெல்லோ சொல்லுவினம். நான் நிக்கிறன். கிழவன் நிண்டா ஒருத்தரும் சந்தேகப்படாயினம்.”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட இராது. கோட்டைக் கழற்றினார், திரும்பப் போட்டார், தலையைத் தண்ணீர் தொட்டு வாரினார். ஆயத்தமான முகம் கூடாது என்று இத்தனை வருஷமாகச் சொன்ன மனிதர், பிறேமில் ஒரு கையை வைத்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போல விறைத்து நின்றார். நான் கமராவுக்குள் பார்த்தேன்.

“தங்கச்சி, பிறேம் முழுக்கத் தெரியுதோ?”

“தெரியுது.”

“சுவர்?”

“சுவரும் தெரியுது, பருப்பு மூட்டையும் தெரியுது. நில்லுங்கோ, அமத்தப்போறன்.”

“உது இல்லைப் பிள்ளை, வலப்பக்கத்துப் பொத்தான்! வலப்பக்கம்!” மற்றக் கையை ஆட்டிக் காட்டினார்.

டிக்.

அன்றைக்கே கசெற்றும் பதிந்தோம். குளத்தடியார் கசெற் ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் கட்டியிருந்து பேசினார். “ஐயா, வணக்கம். நான் இஞ்சை படம் எடுக்கிறவன். உந்தக் குளம் என்ர கடைச் சுவரில தொங்கிற படம். வாற பெடியளை நான்தான் வலுக்கட்டாயமா அதுக்கு முன்னால நிப்பாட்டிறனான். வடிவா இருக்குமெண்டு நினைச்சன். பெடியளில ஒரு பிழையும் இல்லை. அந்த மனிசி நூறு வருசத்துக்கு முந்தின பின்லாந்துக்காரி. இண்டைக்கு இருந்தா நூற்றிருபது, நூற்றிமுப்பது வயசு வரும். மாப்பிள்ளைக்குப் பொருத்தமில்லை. அவ மாடு கறக்கப் போறா. அல்லாட்டிக் கறந்துபோட்டு வாறா. அதில மட்டும் எனக்கு முடிவு தெரியாது. நீங்கள் வடிவாப் பாத்துச் சொன்னாப் பெரிய உதவி.”

ஆவணி வந்தது. பதில் கசெற்றும் வந்தது. போட்டோம். மனேஜர் நிறுத்து நிறுத்துப் பேசத் தொடங்கினார். பிறகு யாரோ குறுக்கிட, பதிகிற பொத்தானை அணைக்க மறந்துவிட்டார். மீதியைச் சங்கக்கடை மனேஜர் வீட்டு விறாந்தையில் நின்று கேட்டது போலக் கேட்டோம்.

“இது பிறேம் இல்லை, யன்னல். யன்னலுக்கு வெளியில அவ நிக்கிறா,” என்றார் மனேஜர்.

“இந்தக் கையை ஆட்டிக்கொண்டு நிக்கிற மனிசன் ஆரப்பா? பேய் மாதிரி இருக்குது,” என்றது தாயின் குரல்.

பிறகு ஒரு இளம் குரல். யோகன் நிமிர்ந்து இருந்தான். “ஐயா, அவையின்ர மூண்டு படமும் வந்து எத்தினை மாசம்? அதிலயும் இவ ஒரு காலைத் தூக்கினபடி. இதிலயும் தூக்கினபடி. ஒரு மனிசி மாசக்கணக்கா ஒரு காலில நிப்பாவோ? கொக்கே?”

மேசையில் கடதாசி உரசுகிற சத்தம் கேட்டது. மனேஜர் நான்கு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவேண்டும்.

“இன்னும் பாருங்கோ. அந்த மனிசன் ஆடிக் கலங்கிப்போனார், ஏனெண்டா உயிருள்ள ஆள். இவ ஒரு நூலும் ஆடேல்லை.” பிறகு அடக்கிக்கொண்ட சிரிப்போடு, “ஐயா, அவர் கேட்டதுக்கு என்ன பதில் சொல்லுறது? எனக்கெண்டா ஏறுறா மாதிரித்தான் கிடக்கு,” என்றாள்.

அங்கே தாய் சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு மனேஜரும் சிரித்தது கேட்டது. இங்கே பெடியள் யோகனைத் தூக்கிக்கொண்டு குதித்ததில் கீழ்மாடி மதாம் தும்புத்தடியால் கூரையை இடித்தாள்.

யாழ்ப்பாணத்தில் குளம் வற்றியது. ஊர்ப் படத்துக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். காணி கேட்ட மாமனாரின் மருமகன் கொஞ்சக் காலம் குளத்தடியாரைக் கண்டால் ரோட்டின் மறுபக்கத்துக்குப் போனான். தினம் குளிக்கிறேன் என்று சொன்னவனின் தாய் மட்டும், ‘நல்லகாலம், அந்தக் குளிருக்குள்ள பச்சைத் தண்ணியில விழேல்லை’ என்று கோயிலில் தேங்காய் உடைத்தாளாம். குளத்தடியார் இழந்ததைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எங்களைக் கண்டால் மலரின் அபிப்பிராயத்தைப் பற்றித்தான் பேசுவார். “பிள்ளை நல்லா யோசிக்குது. ஆனா துடுப்புக் காய்ஞ்சிருக்கிறதை அவ கவனிச்சாவோ தெரியேல்லை.”

மலர் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே கடை முதலாளி அந்த மூலையை உடைத்து அரிசிக்கு இடம் எடுத்துவிட்டார். குளத்தடியார் தெற்கே எங்கேயோ இருந்த மருமகனிடம் போய்விட்டார். தலையில் குளத்தோடு ஸ்டேஷனுக்குப் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு திரும்பி வரவில்லை. லா ஷப்பலில் அத்தனை முகத்தையும் படம் எடுத்தவருக்கு, எங்கள் ஆட்களிடம் இருக்கிற படம் ஒன்றே ஒன்றுதான், அன்றைக்கு நான் எடுத்தது. அதை மலர்தான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள்.

இப்போது அதில் நிறம் போய்விட்டது. போன மாதம் ஷோகேஸ் துடைக்கும்போது, “மாமி, இதில ஆர் எண்டே தெரியேல்லை, எடுத்துப்போடுவமோ?” என்றாள் வீட்டுக்கு வந்த புது மருமகள். குளம் தெரிகிறது. வாளிகூடத் தெரிகிறது. அவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகைதான் நிற்கிறது, வலப்பக்கப் பொத்தானைக் காட்டிக்கொண்டு.

எடுக்கவேண்டாம் பிள்ளை, அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்தப் புகைக்குள் கண் எது, சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும்.